பாறைக்கூந்தலுக்கு ஒரு பலகை

மலைச்செடிப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைவர் மாமனார், செயலாளர் மருமகன். சங்கம் குடும்பச் சொத்தல்ல என்று தலைவர் மேடைதோறும் சொல்வார். அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்து கொடுப்பது அவருடைய மகள்.

மலைச்சரிவில் ஒரே ஒரு பாறை இடுக்கில்தான் பாறைக்கூந்தல் என்ற செடி மிஞ்சியிருந்தது. அதன் இலைச்சாற்றைத் தேய்த்தால் தலையில் முடி வளரும் என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. விதை உதிர்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும், அதுவும் அடியிலையை மட்டும் என்பது அந்த நம்பிக்கையின் மறுபாதி. செடிகள் அப்போதுதான் பூத்திருந்தன. இந்த முறை விதை கட்டாவிட்டால் அதோடு சரி. இதை நினைத்தே செயலாளருக்குத் தூக்கம் கெட்டது.

தலைவர் அங்கே ஒரு பலகை நட்டார். பெயருக்கு முன்னால் வரும் பட்டங்கள், பெயர், பின்னால் வரும் பட்டங்கள், திறப்பு விழாப் பிரமுகர்கள் எல்லாம் போக, செடிக்கு ஒரு வரி கிடைத்தது: "சாற்றைத் தலையில் தேய்த்தால் முடி வளரும்."

"எப்போ பறிக்கணும்னும் போட்டுடலாமே, மாமா?"

"இடம் எங்கே இருக்கு மாப்ளே? என் பட்டத்துல ஒண்ணை எடுக்கச் சொல்றீங்களா?"

விழா முடிந்த கையோடு செடிகள் மொட்டையாகத் தொடங்கின. பார்க்க வந்தவர்கள் பயபக்தியோடு குனிந்தார்கள். நிமிரும்போது சட்டைப்பை புடைத்திருந்தது.

"யாரோ விஷமிங்க வேலை!" என்று தலைவர் கொதித்தார்.

துவைக்க எடுத்த அவருடைய தலையணை உறையில், நட்டநடுவே பச்சை வட்டம். மகள் அதைக் கணவரிடம் விரித்துக் காட்டினாள்.

"பாருங்க, விஷமி நம்ம வீட்லதான் தூங்குறார்."

"கேட்டுடவா?"

"கேட்டா விசாரணைக் குழு போடுவார். அதுக்கும் அவரே தலைவர்."

செயலாளர் பெயின்ட் டப்பாவோடு சரிவுக்குப் போனார். பலகையின் அடியில் விரலகலம்தான் இடம். மறுபாதி அதில் அடங்காது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பொடி எழுத்தில் எழுதினார்: "சாறு பட்ட இடமெல்லாம் முடி வளரும்."

அதன்பிறகு செடியை நோக்கி நீண்ட கைகள், அந்த வரியைப் படித்ததும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

தலைவர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டபடி அலுவலகத்துக்கு வந்தார்.

"மாப்ளே, அந்தக் கடைசி வரி... நிஜமா?"

"முதல் வரி எவ்வளவு நிஜமோ, அவ்வளவு நிஜம் மாமா."

"உள்ளங்கையில கூடவா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு பொதுநலன்தான்."

மகள் தேநீரை நீட்டினாள். அவர் கையை வெளியே எடுக்காமல், மேஜையில் வைக்கும்படி தலையசைத்தார்.

"தலையிலயே வரலை, கையில வந்துடுமாப்பா?" என்றாள்.

தலைவரின் காது மடல்கள் சிவந்தன. தேநீர் ஆறிப்போனது.

மிச்சமிருந்த செடிகள் நிதானமாக விதை கட்டி, நிதானமாக உதிர்த்தன. அடுத்த கூட்டத்தில் தலைவர், பாறைக்கூந்தலைக் காப்பாற்றியது தன் பலகைதான் என்று முழங்கினார். அதில் பொய் ஏதும் இல்லாததால் செயலாளரும் கை தட்டினார். தலைவர் மட்டும் பேசி முடிக்கும்வரை கைகளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.