இரண்டு டன் நானூறு

எங்கள் குடும்பத்து மூத்தவர் தமது ஐம்பதாம் வயதில் இரண்டாயிரத்து நானூற்று எழுபது கிலோ இருந்தார். பார்வைக்கு எழுபது கிலோ ஆள்தான். நெடுஞ்சாலையோரம் குடும்பம் நடத்தும் லாரி எடை மேடையை ஒருநாள் காலை அவர் தனியாகக் கடந்தபோது திரையில் வந்த எண் அது. மேடை பழுது என்று சிலர் பேசினார்கள். மூன்று தலைமுறையாக ஒரு கிலோ தவறாத மேடை. ஆகவே மூத்தவரின் எடை அதுதான் என்று குடும்பம் ஏற்றுக்கொண்டது.

அவருக்கு அப்போதே பதினோரு வருட முதுகுவலி. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள் சிறிது தேய்மானம், அவ்வளவுதான் என்றார்கள். ஒருவர் மனப்பிரமை என்றே சொன்னார். இதற்கிடையில் இரண்டு நாற்காலிகளும் ஒரு கட்டிலும் மாடிப்படிகளில் ஒன்பதும் உடைந்துவிட்டிருந்தன. கீழே சிமெண்ட் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்துத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. லாரிக்காரர்கள், "அண்ணே, தார்ப்பாய் கட்டிட்டுக் கிளம்புங்க" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் மனநல ஆலோசகரிடம் போவதாகச் சொன்னபோது, இந்த வீட்டில் யாருக்கும் மனநோய் கிடையாது என்று தம்பி தடுத்தார்.

"வலிக்கிறது அவர் முதுகு. குடும்பத்தோட முதுகா?" என்றார் மூத்தவரின் மனைவி.

ஆலோசகர் அம்மாள் சீட்டைப் படித்துவிட்டு, "வலி நிஜம்தான். யாரு இல்லேன்னு சொன்னது?" என்றார். மூத்தவருக்கு அரைமணி நேரம் கண்ணில் தூசி விழுந்திருந்தது. பிறகு அந்த அம்மாள் நாளுக்கு இருபது அடி நடக்கச் சொன்னார். நன்றாக இருக்கும் நாளிலும் அதற்கு மேல் கூடாது. வாரம் போகப்போக அடிகளைக் கூட்டினார். வலி வரும்போது பல்லைக் கடிக்காமல் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். நான்கு மாதத்தில் மூத்தவர் கடைத்தெரு வரை நடந்தார். எடை மட்டும் ஒரு கிராம் குறையவில்லை.

"இந்த எடையை இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டார் அந்த அம்மாள்.

பார்த்திருந்தார். பத்தொன்பது வயதில், தந்தை சொன்னதால், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய ஒரு லாரிக்கு இரண்டு டன் நானூறு கிலோ குறைத்துச் சீட்டு எழுதியிருந்தார். மலை இறக்கத்தில் அந்த லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர் இறந்தார். தந்தை கடைசிவரை ஊரில் நேர்மைக்குப் பேர்போனவராக வாழ்ந்து மறைந்தார்.

ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மூத்தவர் இதை வீட்டாரிடம் சொன்னார். தம்பி பாதிச் சோற்றில் எழுந்தார்.

"அப்பா பேர்ல கை வைக்காத. இத்தனை வருசம் யாருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியும்டா."

அன்று மாலை தம்பி உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. சாப்பாட்டில் இருந்த ஆறு பேரும் மறுநாள் மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஆளுக்கு நானூறு கிலோ கூடுதல். மூத்தவருக்கும் அதே நானூறுதான். தம்பி மூன்று முறை ஏறிப் பார்த்தார். அந்த லாரி ஏறிய அன்றைக்கும் மேடை பொய் சொல்லவில்லை, சீட்டுதான் சொன்னது என்பதை இங்கே குறிப்பிடுவது கடமை.

ஆறு பேரும் வரிசையாக நடந்து ஓட்டுநரின் மனைவி வீட்டுக்குப் போனார்கள். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"தாங்காதும்மா" என்றார் மூத்தவர்.

"அப்ப தரையில உக்காருங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார்கள். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எடை அதனால் குறையவில்லை. மூத்தவருக்குக் காலையில் முதுகு இன்னும் வலிக்கிறது, நடக்கிறார், படுத்துத் தூங்குகிறார். தம்பிக்குத் தோள்வலி. செவ்வாய்தோறும் அதே ஆலோசகரிடம் போகிறார். குடும்பம் முழுவதும் இப்போது கீழேதான் படுக்கிறது. படிகளைச் சரிசெய்து மாடியை ஒல்லியான ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது.