சோற்றில் உப்பில்லை என்று சொன்ன மருமகன்

1

இந்தக் கதை உப்பில்லாத ரசத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து, கிழவன் மறைத்துவிட்டான் என்று பேசக் கூடாது.

எனக்கு ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். (அவரை நான் நம்பவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.) என் மனைவி கோமு நம்பினாள். அன்று மதியமே அடுக்களையிலிருந்து உப்புச் சாடி காணாமல் போயிற்று. தூத்துக்குடியில், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிறேன். வெகுகாலம் உப்பு லாரி ஓட்டியவன். சட்டையை உதறினால் உப்பு கொட்டிய காலம் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு இன்று ஒரு கல் உப்புக்கு வழியில்லை.

அந்த ரசத்தை வாயில் வைத்ததும் யாரையாவது கொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "விடியற்காலையின் செவ்வொளியில் உப்புக் குவியல்கள் பனிமலைகளைப் போல..."

அடித்துவிட்டேன். நான் பனிமலை பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்வானேன்.

இரண்டாவது: "உப்பில் ரத்தம் விழுந்தால் எப்படி இருக்கும், தெரியுமா?"

இதுவும் வேண்டாம். தெரியாது என்பீர்கள். நான் விளக்குவேன். ஒமக்கு எப்படிவே தெரியும் என்று போலீஸ் வந்து நிற்கும்.

மூன்றாவது: "தவசிக்கண்ணு அண்ணாச்சி சொல்லாமல் உப்பளத்திலிருந்து ஒரு லாரி நகராது."

இது இருக்கட்டும். இதில் பொய் குறைவு.

3

தவசிக்கண்ணு அண்ணாச்சி ரவுடி என்று யாரும் சொன்னதில்லை. சொன்னவர்கள் பிறகு எதையும் சொன்னதில்லை. லாரி, நிலம், ஏலம், அடுத்தவன் வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் தீர்ப்பு. படித்தவர் இல்லை. அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. புதிதாக ஓர் ஆள் சேர்ந்தால் அவனை இலைமுன் உட்காரவைப்பார். தன் கையால் இலை ஓரத்தில் உப்பை வைப்பார். தன் கையால் சோறு போடுவார். தின்று எழுந்துவிட்டால் அவன் அவருடைய ஆள். அவர் வீட்டு உப்பு உடம்பில் ஓடுகிறவரை கத்தி அவர் பக்கம் திரும்பாது. இதை அவர் சாமியை நம்புவதைவிட அதிகமாக நம்பினார். ஆட்களும் நம்பினார்கள். அதனால்தான் தினமும் மத்தியானம் எல்லோருக்கும் அவர் வீட்டில்தான் பந்தி.

அவருக்கு மகன் ஒருவன், லிங்கதுரை. மகள் ஒருத்தி, வேல்கனி. அவளைத் தன் அக்காள் மகன் சேர்மக்கனிக்குக் கட்டிக்கொடுத்து வீட்டோடு வைத்திருந்தார். வயதாகிவிட்டது, அவருக்குப் பின்னால் யார் என்ற பேச்சு வந்தது. மகன்தான் என்று மகன் நினைத்தான். அண்ணாச்சியோ துறைமுகத்து லாரிகளைத் தூக்கி மருமகன் கையில் கொடுத்தார். சண்டை அங்கே தொடங்கியது.

(லிங்கதுரைக்கு முதலில் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வைத்திருந்தேன். கோமு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "தழும்பு இருந்தா கெட்டவனா? அப்படின்னா ஒங்க மூஞ்சிய என்ன சொல்லுதிய?" தழும்பை எடுத்துவிட்டேன். அவனை இப்போது அழகனாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவன்மேல் சந்தேகம் கூடிவிட்டது.)

4

அன்று விளைமீன் குழம்பு. அண்ணாச்சி நடுவில், வலப்பக்கம் மகன், இடப்பக்கம் மருமகன், எதிரே ஆட்கள். ஆக்கியதும் பரிமாறியதும் வேல்கனி. சேர்மக்கனி இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, கொழம்புல உப்பே இல்லயே."

பந்தியில் அத்தனை வாயும் நின்றது.

"என்னது?"

"உப்பு இல்ல மாமா. சோத்துலயும் இல்ல, கொழம்புலயும் இல்ல."

அண்ணாச்சி எதிரே இருந்தவனைப் பார்த்தார். "ஏலே சங்கிலி, உப்பு இருக்கா?"

"சரியா இருக்கு அண்ணாச்சி."

"ஒனக்குலே?"

"கணக்கா இருக்கு அண்ணாச்சி. வேல்கனி மைனி கை பின்ன எப்படி இருக்கும்?"

லிங்கதுரை மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "உப்பு இருக்கான்னா கேக்கிய? லேசாக் கரிக்கக்கூட செய்யுதுப்பா. மச்சானுக்கு நாக்குல கோளாறு. தொறமொகத்துக் காத்து பட்டதுலேருந்து வீட்டுச் சோறு எறங்கமாட்டேங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சேர்மக்கனியும் சேர்ந்து சிரித்துவிட்டு மிச்சத்தைத் தின்றான். அவன் அப்படித்தான். மனதில் பட்டதைச் சொல்வான், பிறகு மறந்துவிடுவான். இப்படிப்பட்டவர்கள் இந்த மாதிரிக் குடும்பத்தில் நெடுநாள் இருப்பதில்லை.

(அண்ணாச்சி தானே ருசி பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். வெற்றிலை, புகையிலை போட்டுப் போட்டு அவர் நாக்கு செத்துப் பல வருஷம். சந்தேகப்பட நீங்கள் எதற்கு, நான் இருக்கிறேன்.)

5

அந்த வாரமே அண்ணாச்சியை வெட்ட வந்தார்கள். அவர் ஆள் இல்லாமல் தனியாக உப்பளத்துப் பாதை வழியே போகப்போவது மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும்தான் தெரியும். நல்ல வெயிலில், ஏலத்தில் அவரோடு மோதிவந்த எதிராளியின் ஆட்கள் அரிவாளோடு பம்ப் செட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்தார்கள். அண்ணாச்சி பாத்திக்குள் பாய்ந்து, உப்புத் தண்ணீரில் புரண்டு, அந்தப் பக்கம் கரையேறிவிட்டார். ஒரு காதில் கீழ்ப்பாதி போயிற்று. வெட்டுக்காயத்தில் உப்புத் தண்ணீர். அவர் போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. எனக்கே காது எரிகிறது.)

காதில் கட்டோடு உட்கார்ந்து யோசித்தார். இரண்டு பேரில் ஒருவன். யார்? என் உப்பைத் தின்றவன் எப்படி இதைச் செய்வான்? யோசித்து யோசித்து ஒரு பேச்சு அவர் நினைவில் வந்து நின்றது. உப்பே இல்லயே.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பந்தியில் அத்தனை பேருக்கும் இருந்த உப்பு இவன் ஒருவனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? ஒன் உப்ப நான் திங்கலை, ஒனக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை என்று நாலு பேர் முன்னால் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறான். உப்புப் பாவம் ஒட்டக் கூடாது என்று கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறான்.

"நாளைக்கு மத்தியானம் மருமவனுக்கு எங் கையால சோறு போடணும்" என்றார்.

அண்ணாச்சி தன் கையால் ஒருவனுக்கு இரண்டு தடவைதான் சோறு போடுவார். ஆளைச் சேர்க்கும்போது ஒரு தடவை. அனுப்பிவைக்கும்போது ஒரு தடவை.

6

இதுவரை எழுதிவிட்டு எனக்கு ஓடவில்லை. சேர்மக்கனி ஏன் அப்படிச் சொன்னான்? உண்மையிலேயே அவன்தான் காட்டிக்கொடுத்தவனா? என் கதையில் நடந்தது எனக்கே தெரியவில்லை. கோமுவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன யோசன? உப்பு இல்லன்னா இல்லதான்" என்றாள்.

"அப்போ மத்தவன்லாம்?"

"பயத்துல சொன்னானுவ. அண்ணாச்சி வீட்டுச் சோத்துல உப்பு இல்லன்னு எவன் சொல்லுவான்?"

"அது ஏன் இல்ல?"

"அந்தப் புள்ள போடல."

"எந்தப் புள்ள?"

"வேல்கனிதான். அப்பனுக்குக் கொதிப்புன்னு டாக்டர் அவகிட்ட சொல்லிருப்பாவ. அந்தாளுகிட்ட உப்பக் கொறைங்கன்னு சொன்னா கேப்பாரா? ஒங்கள மாதிரி ஆடுவாரு. அதான் கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சு, சுத்தமா நிறுத்திருப்பா. ரெண்டு வருசம் இருக்கும். புளியும் வத்தலும் தூக்கலாப் போட்டா செத்த நாக்குக்கு என்ன தெரியும்? மருமவன் இப்பத்தான் தொறமொகத்துல வெளிச்சோறு தின்னு பாத்தான், அவன் நாக்குக்குத் தெரிஞ்சிட்டு."

நான் பேனாவை மூடி வைத்தேன். கோமுவைச் சமையல்காரி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்ந்த நாளில் இலை ஓரத்தில் வைத்ததைத் தவிர, ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் எவன் உடம்பிலும் அண்ணாச்சியின் உப்பு புதிதாக ஏறவில்லை. அவருடைய சட்டம் முழுக்கக் காற்றில் நிற்கிறது. ஏன் என்று தெரிந்தவள் வேல்கனி ஒருத்தி. வாயை மூடிக்கொண்டால் நாளை மத்தியானம் புருஷன் போய்விடுவான். வாயைத் திறந்தால், கரிக்கிறது என்று சொன்ன அண்ணன் போய்விடுவான். ரெண்டு வருஷம் அப்பாவை ஏமாற்றியவள் என்று அவளும் கூடவே போகலாம்.

லிங்கதுரைதான் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். அவன் சொன்னது பொய். ஆனால் பொய் சொன்னவனெல்லாம் காட்டிக்கொடுத்தவன் என்றால் அந்தப் பந்தியில் மிஞ்சுவது மருமகன் ஒருவன்தான்.

7

முடிவுகள் சில போட்டுப் பார்த்தேன். கோமு நீதிபதி.

சேர்மக்கனி வள்ளம் ஏறித் தப்பிப்போகிறான். "பொண்டாட்டிய விட்டுட்டா? அப்போ சாவட்டும்."

போலீஸ் வருகிறது. வாசிக்கும்போதே இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இலைமுன் உட்கார்ந்திருக்கையில் அண்ணாச்சிக்குக் கொதிப்பு ஏறி, மாரடைத்து... "ரெண்டு வருசமா உப்பே திங்காத மனுசனுக்கு எங்கனயிருந்து கொதிப்பு ஏறும்?"

வேல்கனி அப்பாவின் சோற்றில் விஷம் வைக்கிறாள். இதை வாசித்ததும் கோமு கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பன் சாவக் கூடாதுன்னுதானே உப்பையே நிறுத்தினா? அவ விசம் வப்பாளா? யோசிச்சுத்தான் எழுதுதியளா, இல்ல கை போற போக்குல போவுதா?"

நாலையும் கிழித்துப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. அது இதுதான்.

8

மத்தியானம். ஒரே ஒரு இலை. சேர்மக்கனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. முகத்தில் வேர்வை வழிகிறது, துடைக்கவில்லை. கதவோரம் சங்கிலி. ஜன்னலோரம் லிங்கதுரை, வெளியே பார்த்தபடி.

அண்ணாச்சி குனிந்து இலை ஓரத்தில் உப்பை வைத்தார். சோற்றை அள்ளினார். அள்ளிய கை நின்றது. காதுக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தான் எவ்வளவு பெரிய ஆளானாலும் இவன் அக்காள் மகன், மகளின் தாலி. ஒரு சின்னச் சந்தேகம்.

"ஏளா வேல்கனி."

"என்னப்பா."

"அன்னைக்கு இவன் உப்பில்லன்னான். ஒங்க அண்ணன் கரிக்குதுன்னான். ஆக்குனவ நீ. நீ சொல்லு. உப்பு போட்டியா, போடலயா?"

லிங்கதுரை ஜன்னலிலிருந்து திரும்பினான். "அவகிட்ட என்னத்தப்பா கேக்கிய? புருசனுக்குத்தான பேசுவா."

"நீ சும்மா கெடலே. நீ சொல்லும்மா."

சேர்மக்கனி அவளைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துச் சொன்னான். "பயப்படாத வேலு. நெசத்தச் சொல்லு. உப்பு இல்லதான?"

மடையன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கட்டிப்போட்டுவிட்டான். இனி அவள் இல்லை என்றால் அது புருஷன் சொல்லிக்கொடுத்த பேச்சாகிவிடும். வேல்கனி கையில் குழம்புச் சட்டி. அவள்

9

இந்த இடத்தில் கோமு கூப்பிட்டுவிட்டாள்.

"எழுதுனது போதும். கையக் கழுவுங்க, சோறு ஆறுது."

போய் உட்கார்ந்தேன். தட்டில் சோறு, ரசம், முருங்கைக்கீரை. ஒரு வாய் வைத்தேன். அவள் அகப்பையோடு நிற்கிறாள். இத்தனை நாளில் இல்லாத சிரிப்பு முகத்தில்.

"பாவமேன்னு இன்னைக்கு ரெண்டு கல்லு போட்டிருக்கேன்" என்கிறாள். "சொல்லுங்க. உப்பு சரியா இருக்கா?"

வாயில் இருப்பதை உருட்டிப் பார்க்கிறேன். புளி தெரிகிறது. மிளகு தெரிகிறது. உப்பு தெரியவில்லை. அவள் போடவில்லையா, போட்டது என் நாக்குக்கு எட்டவில்லையா? எல்லோரையும் சந்தேகப்பட்ட ஆள் நான். என் நாக்கைச் சந்தேகப்பட்டதில்லை. அவளோ கண்ணை எடுக்காமல் நிற்கிறாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை வந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும்.

அங்கே வேல்கனியும் நிற்கிறாள். சோற்றை அள்ளிய கை இன்னும் இலைக்கு மேலேதான் இருக்கிறது. நீங்கள் ஏதாவது சொல்லாமல் அது இறங்காது. உங்களை நான் நம்பவில்லை, ஆனால் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. வேல்கனி என்ன சொன்னாள் என்று நீங்கள் சொல்லுங்கள். கோமுவிடம் நான்