அவசரமாக ஒரு நாக்குப்பூச்சி

சஃபியாவுக்கு நிரந்தர வேலை வேண்டும். அது கிடைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு நாக்குப்பூச்சி கிடைத்தாக வேண்டும்.

வலங்கைமான் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் தற்காலிக அறிவியல் டீச்சர். மறுநாள் காலை தலைமையாசிரியை விஜயலட்சுமி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் கோடை விடுமுறையோடு ஒரு பெரிய கும்பிடு. பாடம், முதுகெலும்பில்லாத பிராணிகள். ஆய்வகத்தில் உருளைப்புழு ஒன்று பாட்டிலுக்குள் பல வருஷமாகக் குடியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வைக்க உயிரோடு ஒரு மண்புழு வேண்டும். காகிதத்தின் மேல் விட்டால் அதன் உடம்பிலுள்ள பொடி முட்கள் சரசரவென்று உரசும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவைக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. பங்குனி வெயிலில் வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்காவது வாழைத்தோட்டத்தில் தோண்டிக் கொண்டுவரக் கணவனை விட்டால் ஆளில்லை.

மணியடிக்கிற அவசரத்தில் ஹஸ்ஸானுக்குத் தட்டிவிட்டாள்: "மச்சான், எனக்கு நாக்குப்பூச்சி. ரொம்ப அவசரம். மறந்துடாதீங்க."

வந்தது வினை. வாய்க்காலில் தூண்டில் போட்டு வளர்ந்தவள் சஃபியா. அவள் ஊரில் நாக்குப்பூச்சி என்றால் மண்புழு. ஹஸ்ஸானோ கடைத்தெருவிலேயே பிறந்து, கடைத்தெருவிலேயே செல்போன் கடை வைத்திருப்பவன். அவன் வீட்டில் நாக்குப்பூச்சி என்றால் வயிற்றுக்குள் இருப்பது. பாசக்காரன் வேறு. போட்டது போட்டபடி மருந்துக்கடைக்கு ஓடினான். அதோடு விட்டானா? அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் சஃபியா வீடு திரும்பியபோது மாமியார் கமருன்னிஸா ஒரு கையில் மாத்திரை அட்டையும் மறு கையில் வேப்பிலைச் சாறுமாக வாசலிலேயே நின்றார்.

"எனக்கு இல்ல மாமி, ஸ்கூலுக்கு!"

"ஸ்கூல்லேர்ந்துதான் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளைங்க கைய கழுவுதுங்களா என்ன?"

"பாடம் நடத்துறதுக்கு மாமி..."

"வயித்துல பூச்சிய வச்சிக்கிட்டு என்ன பாடம்? வாயத் தொறம்மா."

"நீ கொஞ்சம் தெளிவா எழுதக்கூடாதா?" என்று ஆரம்பித்த ஹஸ்ஸான், அவள் பார்த்த பார்வையில் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினான். மாத்திரையை விழுங்கிச் சாற்றையும் குடித்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கசப்பு பாதி, வேலை போய்விடுமே என்ற பயம் பாதி.

விடிந்ததும் கொல்லையைக் கொத்திப் பார்த்தாள். எறும்புதான் வந்தது.

வகுப்பில் மேசை மேல் பாட்டில் மட்டும் இருந்தது. "பாடக்குறிப்புல மண்புழுன்னு போட்டிருக்கே, எங்கம்மா?" என்றார் விஜயலட்சுமி.

ஒரு பொய் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சஃபியாவுக்குப் பொய் கோவையாக வராது. கைப்பையிலிருந்து மிச்சமிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாட்டில் பக்கத்தில் வைத்தாள். "மண்புழு வரல மேடம். இதுதான் வந்துச்சு." மானம் போனால் போகட்டும் என்று வேப்பிலைச் சாறு வரைக்கும் சொல்லி முடித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சிரிச்சது போதும். உங்க வீட்ல நாக்குப்பூச்சின்னா எது?" என்று பிள்ளைகளைக் கேட்டாள் சஃபியா.

பாதிப் பேர் தரையைக் காட்டினார்கள். மீதிப் பேர் வயிற்றைத் தொட்டார்கள்.

"பாத்தீங்களா? ஒரே பேரு, ரெண்டு பிராணி. அதனாலதான் பேர நம்பாம உடம்பப் பாத்து வகை பிரிக்கிறாங்க." இடக்கைக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி வளையல் அடுக்கிய வலக்கையைத் தூக்கினாள். "இது மண்புழு. உடம்பு பூரா வளையம். அதான் வளைதசைப்புழு." பிறகு வெறும் இடக்கை. "இது வயித்துல இருக்கிறது. வழுவழுன்னு உருண்டையா, வளையமே கிடையாது. உருளைப்புழு. எங்கே, மண்புழு கைய தூக்குங்க!"

வகுப்பு முழுக்க வளையல் கலகலத்தது. அவள் கேட்க ஆசைப்பட்ட சத்தம் இதுவல்ல, ஆனாலும் இதுவே போதுமென்றிருந்தது. கடைசி பெஞ்சில் விஜயலட்சுமியும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டு வேலை உத்தரவை நீட்டியவர், "இனிமே மண்புழுன்னே எழுதும்மா" என்றார்.

சஃபியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது மாமியார்.

"மாமி, வந்துடுச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" கமருன்னிஸாவின் குரல் தலைமையாசிரியை வரைக்கும் கேட்டது. "நான்தான் சொன்னேன்ல? எத்தனைம்மா?"