உப்புக் காத்துக்குப் பயந்த லெப்டொப்

எங்கட லெப்டொப்புக்கு ரோஷம் கூட. எல்லா நாளும் ஒழுங்காக் கெடந்திட்டு, இன்டர்வியூ நாள் பார்த்து வைஃபை வராதாம்.

மூணு மணிக்கு இன்டர்வியூ. கொழும்புக் கம்பனி, வீட்டிலிருந்தே சிங்களத்தைத் தமிழாக்குற வேலை. ஃபோன்ல வரக் கூடாது, லெப்டொப்பிலதான் டைப் பண்ணிக் காட்டோணும் எண்டு சொல்லிட்டாங்க. வேலை கெடைச்சா ஒரு வருஷத்துக்குக் கல்யாணக் கதை எடுக்க மாட்டன் எண்டு வாப்பா வாக்குத் தந்திருந்தார். கெடைக்காட்டி வெள்ளிக்கிழம மாம்புரி ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருவாங்க. மாப்பிள்ளைட ஃபோட்டோ பார்த்தன். அவர் சாஞ்சு நிண்ட மோட்டர்சைக்கிள் மட்டும் வடிவா இருந்திச்சு.

ஓஃப் பண்ணி ஓன் பண்ணினன். வைஃபை அடப்டர் தொடங்க முடியாது எண்டு ஒரு மஞ்சள் முக்கோணம் வந்திச்சு. அதுட டிரைவர் சொஃப்ட்வெயாரக் கழட்டித் திருப்பிப் போட்டன். முக்கோணம் அசையல்ல. பிஸ்மி சொல்லி ஓன் பண்ணினன், பிறகு அதுக்கு ஏசி ஏசி ஓன் பண்ணினன். ரெண்டுக்கும் ஒரே மரியாததான்.

"அரிசி வாளிக்குள்ள வெச்சுப் பாரு ஷஸ்னா," எண்டாங்க உம்மா.

"அது தண்ணீல விழுந்த ஃபோனுக்கு உம்மா."

கடைசியா, ஃபோனக் கேபிளால கொழுவி டேட்டா எடுப்பம் எண்டு பார்த்தன். கேபிள் உள்ளுக்குப் போகுதில்ல. இழுத்தா நுனியில தவிட்டு நிறப் பசை. மணந்து பார்த்தன். போட் எஞ்சினுக்குப் பூசுற கிறீஸ்.

எங்கட ஊர் கண்டக்குழியில உப்புக் காத்துக்குத் துருக் கறள் பிடிக்காத சாமானே இல்ல. அதுக்கு வாப்பாட ஒரே மருந்து கிறீஸ். வாசல் கேட்டுப் பூட்டு, தையல் மெஷின், ஒருக்கா உம்மாட மூக்குக்கண்ணாடிக்கும் பூசினார். உம்மா ரெண்டு நாள் கதைக்கல்ல.

வாப்பா வீட்டு முத்தத்தில எஞ்சினக் கழட்டிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"லெப்டொப்புக்குக் கிறீஸ் பூசினீங்களா?"

"ஓம் மகள். ராத்திரி சரியான காத்து. ஒரு ஓட்டையும் விடல்ல," எண்டார், பெருமையா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. "நான் தோத்து அந்த மோட்டர்சைக்கிளக் கட்டோணும், அதுக்குத்தானே?"

வாப்பா கட்டியிருந்த சாரத்தில கையத் தொடச்சார். "வெள்ளிக்கிழம வர வேணாம் எண்டு அவங்களுக்கு நேத்தே சொல்லிட்டன். வேலைக்குப் போற புள்ளய எதுக்குப் பொண்ணு பார்க்கோணும்?"

எனக்கு வெக்கமா இருந்திச்சு. லெப்டொப்ப அவர் முன்னால நீட்டி, எங்கெங்க பூசினார் எண்டு கேட்டன்.

"இஞ்ச, இஞ்ச. இந்தா, பக்கத்தில ஒரு சின்னக் கட்டை, அதுலயும் நல்லா அழுத்தித் தேச்சன்."

அந்தக் கட்டைதான் வைஃபை சுவிச். வாப்பா தேச்ச தேய்ப்பில அது ஓஃப் பக்கம் போய்க் கெடந்திச்சு. அப்பிடி ஒண்டு இருக்கிறதே எனக்கு மறந்து போச்சு. என்ட நகம் வழுக்கிச்சு. வாப்பா பெருவிரலால ஒரு தள்ளுத் தள்ளினார். நீல லைட் பத்திச்சு.

கிறீஸ் விரலோடதான் டைப் பண்ணிக் காட்டினன். இன்டர்வியூ எடுத்த மிஸ் கடைசியாக் கேட்டாங்க: "வேலையில பிரச்சினை வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"வாப்பாவ ஏசுவன்," எண்டன், யோசிக்காம. "பிறகுதான் என்ன நடந்திச்சு எண்டு கேப்பன்."

"அந்த வரிசைய மாத்துங்க," எண்டு மிஸ் சிரிச்சாங்க. "திங்கக்கிழம தொடங்குங்க."

திரும்பிப் பார்த்தன். வாப்பா கதவுக்குப் பின்னால நிண்டு கண்ணத் தொடைக்கிறார். மூஞ்சி பூராக் கிறீஸ்.