ஒரே கையில் இரண்டு

"கையை அப்படி வைக்காதீங்க," என்றார் அப்பா.

சவப்பெட்டியின் மேல் குனிந்திருந்த ஊழியர் நிமிர்ந்தார். பெரியவளின் வலது கையை இடது கையின் மேல் குறுக்காகப் போட்டு, சட்டையின் கைப்பகுதியை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தார்.

"எல்லாருக்கும் இப்படித்தான் சார் வைப்போம்."

"இவளுக்கு வேண்டாம். பிரிச்சு வைங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது."

பக்கத்தில் நின்ற சின்னவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. உயிரோடு இருந்தவரை அக்காவின் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். செத்த பிறகும் விடமாட்டாரா? ஊழியர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் இரண்டு கைகளையும் எடுத்துப் பக்கவாட்டில் நீட்டி வைத்தார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஏதோ பேண்டு ஒத்திகையை மேற்பார்வை பார்ப்பதுபோல.

பேண்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆலையின் அணிவகுப்பு பேண்டுக்கு அப்பாதான் தலைவர். ஊரில் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். இடுப்பில் தொங்கும் சைடு டிரம்மில் வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறித்தான் அடி விழ வேண்டும். வரிசையில் இருக்கும் எல்லாக் குச்சியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஒலி அறாமல் உருட்டும்போது மட்டும் ஒரு கைக்கு இரண்டு விழலாம். அதுவும் தோலில் பட்ட குச்சி தானாகத் துள்ளுவது. மற்றபடி ஒரே கையால் இரண்டு முறை அடித்தால், "திருட்டு அடி" என்பார். அந்தப் பேண்டில் அடித்துக்கொண்டிருந்த பெரியவள் ஒருநாள் நகரத்து இசைக்குழுவின் செப்பு டிரம்களுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு இடி என்று பட்டப்பெயர்.

செப்பு டிரம்மில் எல்லாமே தலைகீழ். அண்டா போல நான்கு டிரம்கள் அரை வட்டமாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. குச்சியின் நுனியில் கம்பளி உருண்டை. துள்ளவிட்டால் நாதம் அமுங்கிவிடும். தொட்டவுடன் கையை மேலே எடுத்துவிட வேண்டும். உருட்டும்போதுதான் இங்கே ஒவ்வொரு அடியாக மாறி மாறி விழ வேண்டும். ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதோ, வலது இடது என்று பிடிவாதம் பிடித்தால் கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒரே கையில் இரண்டு அடிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே அடிபோலக் கேட்க வேண்டும். சின்னவளின் சமையலறை மேஜையில் தலையணையைப் போட்டு, மணிக்கணக்கில் அதைத்தான் அடித்துப் பார்ப்பாள் பெரியவள்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா முதல்முறையாக அவள் கச்சேரிக்கு வந்தார். நான்கு டிரம்மும் பேசுகிற ஒரு பகுதி, அவள் தனியாக அடித்தது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால், குழுவே நின்றுகொண்டிருந்த இடத்தில் அப்பா சொன்னார்: "இடது கை ரெண்டு ரெண்டா விழுது. நாலு தடவை பார்த்தேன். இதுக்குத்தான் இவ்வளவு கைதட்டலா?"

பெரியவள் கையில் இருந்த குச்சிகளைப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்குப் போகவே இல்லை. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து சின்னவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்குத்தான் போன் வந்தது. அப்பாவுக்கு அவள் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: "கையில ஏதாவது அடிபட்டிருக்கா?"

அதையும் அவள் மறக்கவில்லை.

மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெட்டிக்குப் பின்னால் அரை வட்டமாக நான்கு செப்பு டிரம்களையும் இசைக்குழுவினர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கப்போவதில்லை, சும்மா நிற்கட்டும் என்று ஏற்பாடு. குழு நடத்துநர் இரண்டு வார்த்தை பேசினார். சித்தப்பா எழுந்து, "சின்ன வயசுலேர்ந்தே எதையாவது தட்டிக்கிட்டே இருக்கும் புள்ள," என்றார். சிலர் சிரித்தார்கள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபது வருஷ உழைப்பு இவர்களுக்குத் தட்டல்.

அப்போது அப்பா எழுந்தார். பேசப்போகிறார் என்று நினைத்து நடத்துநர் மைக்கை நீட்டினார். அவர் வாங்கவில்லை. டிரம்களுக்குப் பின்னால் போய் நின்று, விளிம்பில் கிடந்த பெரியவளின் குச்சிகளை எடுத்தார்.

"அப்பா," என்று சின்னவள் பாதி எழுந்தாள். "அதைத் தொடாதீங்க."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அடித்தார். அன்று பெரியவள் தனியாக அடித்த அந்தப் பகுதியைத்தான். முதல் அடியிலேயே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டரின் மணிக்கட்டு அல்ல அது. குச்சி தோலில் பட்டதும் சூட்டைத் தொட்டதுபோல மேலே வந்தது. இடது கை ஒரே டிரம்மில் இரண்டு முறை விழுந்தது. இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. வலது கை அதற்குள் அடுத்த டிரம்மின் மேல் காத்திருந்தது. கைகள் ஓரிடத்திலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. ஒரு கட்டத்தில் அவர் சட்டென்று நிறுத்தி, உள்ளங்கையால் தோல்களை அமுக்கி ஒலியை அடக்கினார். குச்சிகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த சைலபோன்காரம்மா, பெரியவளுக்கு முன்வரிசையில் நின்று மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பவர், சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா என்கிட்டதான் கேட்டுக் கேட்டுப் பழகினாரு. பின்வாசல் வழியா வருவாரு. அவகிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"நீங்க சொல்லலையா?"

"எப்படிம்மா சொல்றது? நல்லா வந்ததும் நானே காட்டுவேன்னாரு."

சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து பெட்டியைத் தகனத்துக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் குழாயடியில் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரில் நின்றாள்.

"அவ அடிச்சது சரின்னு எப்பப்பா தெரிஞ்சுது?"

அப்பா குழாயை மூடினார். "அன்னைக்கு வீட்டுக்குப் போனதுமே நாலு பாத்திரத்தைக் கவுத்து வச்சு அடிச்சுப் பார்த்தேன். என் கணக்குப்படி அடிச்சா கை சிக்கிக்கிச்சு."

"அன்னைக்கேவா?"

"ம்."

"அப்ப ஒரு போன் பண்ணிச் சொல்றதுக்கு என்ன?"

"வெறும் வாயால சொல்றதா? அவ கையைப் பத்தித்தானே பேசினேன். என் கையாலதான் காட்டணும். சுத்தமா வரட்டும்னு இருந்தேன்."

"அவளுக்கு உங்க சுத்தம் வேணுமாப்பா? ஒவ்வொரு கச்சேரிக்கும் மூணாவது வரிசையில உங்களுக்குன்னு ஒரு சீட்டு வாங்கி வைப்பா. என்னை அதுல பையை வைக்கக்கூட விடமாட்டா. இங்க இருக்கிறவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறீங்க. இவங்களையா திட்டினீங்க?"

அவள் குரல் உயரவில்லை. ஆனால் சித்தப்பா தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். அப்பா கைக்குட்டையைத் தேடினார். எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். மன்னிச்சுக்கோ என்று ஒரு சொல் வரும் என்று அவள் நின்று பார்த்தாள். வந்திருந்தாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவள் தானல்ல என்று பிறகு தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட வேறு ஆள் இல்லை. காரில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். அவள் பாட்டுக்கு ஓட்டினாள். கடைகள் மூடியிருந்த ஒரு தெருவைத் தாண்டி, பாலத்துக்கு அருகே சிவப்பு விளக்கில் நிற்க வேண்டியிருந்தது.

"ரெண்டு ரெண்டா விழுற அந்த இடம் ரெண்டாவது தடவையும் வரும்," என்றார் அப்பா. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பேசினார். "வேகம் கூடி வரும். அங்க வலது கையில ஆரம்பிச்சா கடைசி டிரம்முல மாட்டிக்குது. இடதுல ஆரம்பிச்சா நடுவுல மாட்டிக்குது. அதான் நிறுத்திட்டேன். சைலபோன்காரம்மாவுக்கும் தெரியல, அவங்க அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறவங்க."

அவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள்.

"நீ எல்லாக் கச்சேரிக்கும் போனியே. அவ அங்க எந்தக் கையில ஆரம்பிப்பா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மேடை தெரிந்தது. விளக்கு தெரிந்தது. அந்த இடம் நெருங்கும்போது அக்கா கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வது, புருவம் லேசாக ஏறுவது, முடிந்ததும் ஒரு நொடி மூன்றாவது வரிசையைப் பார்ப்பது, எல்லாம் தெரிந்தது. முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

"தெரியாது," என்றாள். "அவகிட்ட கேட்டிருக்கலாம்."

விளக்கு பச்சைக்கு மாறியது. ஸ்டியரிங்கின் மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அடித்தார்.