தராசுக்காரர் கை

"கண்ணாடியப் போட்டு விடுடி. அவரு மொகம் மாதிரியே இல்ல" என்று அம்மா சொன்னதும் அவள் மேசையிலிருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்தது புதுக் கண்ணாடி. நான்கு மாதத்துக்கு முன்னால் அவளே செய்து கொடுத்தது.

"பழசு எங்கேம்மா?"

"பழசு எதுக்கு? நீ குடுத்ததத்தான் ஆசையா வச்சிருந்தாரு. அதையே போடு."

வேறு வழியில்லாமல் குனிந்து, கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தில் அதைப் பொருத்தினாள். கண்ணாடிக் கடையில் அவள் ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் செய்கிற வேலைதான். காதுக்குப் பின்னால் இறுக்குகிறதா என்று விரல் தானாகப் போய்த் தொட்டுப் பார்த்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டாள். "கடைசியில கண்ணும் போயி, கையும் போயி, மனுஷன் ரொம்ப நொந்து போயிட்டாரு. பொண்ணுதான் பாவம், பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டா."

கூடத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அப்பாவுக்குக் கண்ணும் போகவில்லை, கையும் போகவில்லை. நேற்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்று போகும்வரை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா தராசு மெக்கானிக். மருந்துக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் இருக்கும் நுணுக்கமான தராசுகளைக் கழற்றி, தண்டு ஊன்றி ஆடும் முனையைத் தீட்டி, மறுபடி பூட்டித் தருவார். தலைமுடி ஒன்றைப் போட்டால் அது தட்டை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கூலி வாங்க மாட்டார். ஊரில் தராசுக்காரர் என்றால்தான் தெரியும். அந்தக் கையோடு சும்மா இருக்க முடியாமல், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் நிலநடுக்கமானி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். ஒரு கதவு கீலில் ஆடுவது போல, இரும்புத் தூணில் ஆடுகிற நீளமான கம்பி. கம்பியின் ஒரு நுனியில் எடைக்கல். மறு நுனியில் எஃகு ஊசி ஒன்று, தூணிலுள்ள குழியில் ஊன்றி நிற்கும். எங்கோ ஆயிரம் மைல் தள்ளித் தரை அசைந்தாலும் கம்பி மெல்ல ஆடும், பக்கத்திலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் கோடு நெளியும். எல்லாம் அந்த ஊசி முனையில்தான் இருக்கிறது என்பார் அப்பா. கூர் கொஞ்சம் மழுங்கினாலும் கம்பி ஆடாமல் அடம் பிடிக்கும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா முடிவெட்டப் போயிருந்தார். அவள் வெளியூர்ப் பயணத்துக்குப் பெட்டி எடுக்க அந்த அறைக்குள் போனாள். பெட்டியின் மூலை இடித்துக் கம்பி கழன்று விழுந்தது. ஊசி நேராகத் தரையில் குத்தியது. எடுத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். அப்பா, "சரி விடு" என்று அரை மணி நேரத்தில் வேறு ஊசி தீட்டியிருப்பார். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், "லாரி போறத அளக்க ஒரு மெஷினு, அதுக்கு ஒரு ரூமு" என்று அவரிடம் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தாள். வேண்டுமென்றே செய்தாள் என்று நினைத்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டாள். ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்லலாம் என்று பார்த்தாள். வந்தபோது அப்பா லென்ஸ் வைத்து ஊசியின் மழுங்கின முனையைப் பார்த்து முடிவே கட்டியிருந்தார்.

"நான் தீட்டுனதுதான் இது. இப்படியா தீட்டுவேன்? கை போயிடுச்சும்மா."

அதற்கப்புறம் நாள் தள்ளிப் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமானது. காலையில் கையை நீட்டி, "நடுங்குதா பாரு" என்பார். "இல்லப்பா" என்பாள். "எனக்காகச் சொல்ற" என்பார். இரண்டு மாதத்தில் கடைக்காரர்களிடம் இனி தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு கண் மேல் சந்தேகம் வந்தது. அவளே பரிசோதித்தாள். பவர் துளிகூட மாறவில்லை. "கொஞ்சம் மாறியிருக்குப்பா" என்று சொல்லி, அதே பவரைப் புது ஃபிரேமில் போட்டுக் கொடுத்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத் தெளிவா இருக்கு" என்றார் அவர். அன்றைக்கு அவள் கடையின் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதினொரு மணிக்கு லேப்காரர் வந்தார். கல்லூரி இயற்பியல் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் வீட்டில் இதே மாதிரி நிலநடுக்கமானி ஒன்று வைத்திருக்கிறார். அப்பாவும் அவரும் இதே பித்துப் பிடித்த இன்னும் ஒன்பது பேரும் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்வார்கள், அடுத்தவர் ஊசி முனையைக் குறை சொல்லாத கடிதமே கிடையாது. அப்பாவின் காலருகே நின்று கும்பிட்டார். பிறகு அவளிடம் வந்து, "அத ஒரு தடவ பாக்கலாமாம்மா?" என்றார்.

அவள் கூட்டிப் போனாள். மனிதர் எழுபது வயதில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தூணில் இப்போது ஊசியும் இல்லை, குழியும் இல்லை; இனித் தீட்ட முடியாது என்று அப்பா இரண்டையும் எடுத்துவிட்டிருந்தார். கடிகாரச் சுருளிலிருந்து வெட்டிய இரண்டு மெல்லிய தகடுகள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று கடந்து கம்பியைத் தாங்கின. லேப்காரர் வாயால் மெல்ல ஊதினார். கம்பி போனது, வந்தது, போனது.

"உரசலே இல்ல பாத்தியா? தகடுதான் வளையுது. கூர் தீட்ட வேண்டிய வேலையே கெடையாது. எங்க ஆளுங்க பூரா இதுக்கு மாறப் போறோம்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "அவரப் பத்தி எல்லாருக்கும் எழுதணும். கை தளந்து போன பிறகு, தளந்த கைக்கும் வசப்படுற மாதிரி ஒண்ணக் கண்டுபிடிச்சாருன்னு ஆரம்பிச்சிருக்கேன்."

"அப்படி எழுதாதீங்க சார்."

"ஏம்மா?"

"அப்பா கை தளரல. ஊசிய நான்தான் கீழ போட்டேன். சொல்லாம திருப்பி மாட்டிட்டேன்."

லேப்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "போம்மா. போனவருக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, தெரியாதா?"

"நெஜமாத்தான் சார்."

"சரி சரி" என்று அவள் தலையில் கை வைத்துவிட்டு எழுந்தார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கூடத்துக்கு வந்து அம்மாவுக்கு எதிரே நின்று, "பெத்தா இப்படிப் பெக்கணும்மா" என்று நடந்ததை அப்படியே சொன்னார். சித்தி மூக்கைச் சிந்தினாள். அடுத்த வீட்டுக்காரர், "தங்கமான பொண்ணு" என்றார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள்.

அவளுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்வதை விட, உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்குவது கேவலமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. தண்ணீரை வாங்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னிக்கு?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம. அப்பா முடிவெட்டப் போயிருந்தாரு. நான் பெட்டி எடுக்கப் போனேன்."

"நீ ஊருக்குப் போன அன்னிக்கா?"

"ஆமாம்மா."

"விடுக்கா, பொண்ணு எதோ..." என்று சித்தி தொடங்கினாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். லேப்காரர் தன் நோட்டைக் கீழே இறக்கினார்.

"நான் அவருக்கு அரை டம்ளர்தான்டி டீ ஊத்திக் குடுத்தேன்" என்றாள் அம்மா. குரல் ஏறவே இல்லை. "ஏழு மாசமா. கை நடுங்குது, மேல சிந்திக்குவாருன்னு. ஒரு நாள்கூட ஏன்னு கேக்கல. வாங்கிக் குடிச்சாரு."

அம்மா நகர்ந்து உட்கார்ந்து, போர்த்தியிருந்த துணியை விலக்கி, அப்பாவின் வலது கையை வெளியே எடுத்து வைத்தாள். விறைத்துப் போயிருந்த அந்த விரல்கள் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அவளை உட்காரச் சொல்லவில்லை.