நாலு விரல் காடு

டெல்லியில் எடுக்கிற தீர்மானம் கீரிப்பாறைக் காட்டுக்கு வந்து சேர மூன்று நான்கு வருடம் பிடிக்கும். சென்னையில் ஒரு முறை, வடசேரியில் ஒரு முறை வண்டி மாற வேண்டியிருக்கிறது. தாமதத்தைக் குறை சொல்ல முடியாது. காடு அழிவதால் வானத்துக்குப் போகும் கார்பனைக் குறைக்க வேண்டும் என்ற தீர்மானமும் அப்படித்தான் 2011 தை மாதம் ஒரு வெள்ளை ஜீப்பில், டாக்டர் கிருஷ்ணமணியின் உருவத்தில் வந்து இறங்கியது.

கிருஷ்ணமணி ஊசி போடும் டாக்டர் அல்ல. திட்ட ஒருங்கிணைப்பாளர். காட்டைப் பற்றி ஏழு நாடுகளில் பேசியிருக்கிறார். எட்டாவதாகக் கீரிப்பாறையில், வனக்காவலர்கள் பதினோரு பேருக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பேசினார். மரம் கார்பனைத் தின்று உடம்பில் வைத்துக்கொள்கிறது; வெட்டினால் அது திரும்ப வானத்துக்குப் போகிறது; எனவே ஒவ்வொரு மரத்தையும் அளந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு, ஐந்து வருடத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். குறையாமல் இருந்தால் நாட்டுக்குப் பெருமை. பேச்சின் சாரம், மரத்தை வெட்ட விடாதே என்பது. அந்தப் பதினோரு பேரும் அதற்காகத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

அவர்களில் ஒருவன் சுயம்புராஜ். தற்காலிகக் காவலன். பதினாறு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று நாகர்கோவில் அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவன் பெயர் மூன்றாவது என்று கிளார்க் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சுயம்புராஜ் காட்டுக்குள்கூடச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் நடந்தான்.

மரம் அளக்கச் சென்னையிலிருந்து இரண்டு பட்டதாரிகள் வந்தார்கள். முதல் நாள் மழை, முழங்கால் வரை அட்டை. இரண்டாம் நாள் அவர்கள் நாகர்கோவிலில் ரயில் ஏறிவிட்டார்கள். உள்ளூரில் மரம் அறிந்தவன் யார் என்று ரேஞ்சர் கேட்டபோது சுயம்புராஜ் தயங்காமல் சொன்னான்: முத்துநாயகம்.

முத்துநாயகம் தடிக்காரன்கோணத்து மர வியாபாரி. பட்டையைத் தடவிப் பார்த்தே மரத்தின் வயதைச் சொல்லிவிடுவார். 1999இல் அவருடைய லாரியில் அனுமதிக்கு மேல் இரண்டு தடி இருந்ததைப் பிடித்துக் கொடுத்தவன் சுயம்புராஜ்தான். வழக்கு நாலு வருடம் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா இருவரும் ஒரே பஸ்ஸில் பூதப்பாண்டி கோர்ட்டுக்குப் போய், ஒரே கடையில் டீ குடித்து, ஒரே பஸ்ஸில் திரும்பியதில் பிரிக்க முடியாத நண்பர்களாகிவிட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று இருவருக்கும் கொஞ்சம் வருத்தம். அதன் பிறகு வனச் சட்டங்கள் இறுகி வியாபாரம் படுத்துவிட்டது. முத்துநாயகம் வீட்டில் சும்மா இருந்தார்.

இரண்டு மாதம் அளந்தார்கள். முத்துநாயகம் மரத்துக்கு மரம் டேப்பைச் சுற்றி அளவைக் கூவுவார். பத்தடி தள்ளி நின்று சுயம்புராஜ் நோட்டில் எழுதுவான். நோட்டு சென்னைக்குப் போனது. சித்திரை முடிவில் பதில் வந்தது.

தாணம்மாள் அடுக்களை வாசலில் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். சுயம்புராஜ் கையில் காகிதத்தோடு வந்து எதிரே குந்தினான்.

"நான் காவல் காக்க பீட்டுல அஞ்சுல ஒரு பங்கு காடு போச்சாம்."

"எங்க போச்சு?"

"அதைத்தான் எனக்கிட்ட கேட்டிருக்கானுவ. பதினஞ்சு நாளைக்குள்ள எழுத்துல சொல்லணுமாம். மூணு நாளா சுத்திப் பாத்துட்டேன். ஒரு மூடு மரம் போவல்ல, வெட்டின குத்தி ஒண்ணு கிடையாது. நான் என்னத்தைச் சொல்ல?"

"மேல எழுதிப் போட்டானுவன்னா பட்டியல்ல பேரு?"

"பேரா? இருக்க வேலையே இருக்காது."

தாணம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாரு அளந்தது?"

"முத்துநாயகம் அண்ணன்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் தோலுரித்த கிழங்கு ஒன்று உருண்டு முற்றத்துக்குப் போனது. "பின்னே காடு எங்கயும் போவல்ல. அண்ணனுக்க கையில இருக்கு."

"என்னட்டி சொல்லுக?"

"எங்க அப்பா நம்ம கல்யாணத்துக்கு அயினி மரத்தை வித்தது யாருக்கு? இவருக்குத்தானே. அப்பா கயிறு கட்டிப் பாத்தா ஒரு அளவு, இவரு கயிறு கட்டினா நாலு விரல் குறைவு. சாவது வரைக்கும் சொல்லிட்டுக் கிடந்தாரு. நீங்க கேட்டியளா?"

சுயம்புராஜ் கேட்டதில்லை. மாமனார் சொல்வதை எந்த மருமகன் கேட்டான்.

அன்று மதியமே இருவரும் தடிக்காரன்கோணம் போனார்கள். முத்துநாயகம் காகிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருசம் யாவாரம் பண்ணினவன் நான். எனக்க அளவுல குத்தம்னு ஒரு மனுசன் இன்னைக்கு வரை சொன்னதில்ல."

"அண்ணனுக்க முன்னால சொன்னதில்ல," என்றாள் தாணம்மாள். "அண்ணன் ஒண்ணு செய்யணும். இந்த முற்றத்துப் பலாவைக் கொஞ்சம் அளந்து காட்டணும்."

முத்துநாயகம் டேப்பை எடுத்துக்கொண்டு விறைப்பாக நடந்தார். நுனியைப் பட்டையில் அழுத்தினார், சுற்றினார், கொண்டுவந்து சேர்த்தார். சேர்க்கவில்லை. டேப்பின் நுனிக்கும் சுற்றி வந்த டேப்புக்கும் நடுவில் அவருடைய இடது கையின் நாலு விரல்கள், தொட்டிலில் படுத்த குழந்தை மாதிரி, மரத்தின் மேல் இதமாகப் படுத்திருந்தன. விரலின் இந்தப் பக்கத்தில் அளவைப் படித்தார்.

"நூத்திப் பதினெட்டு."

தாணம்மாள் வாழைநாரை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டி, முடிச்சுப் போட்ட இடத்தில் வெட்டி, டேப்பில் வைத்தாள். நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர்.

முத்துநாயகம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர் கையைப் பார்ப்பது போல இருந்தது.

"அது பட்டைக்குக் கழிவு, பிள்ளே," என்றார் மெதுவாக. "யாவாரத்துல எல்லாவனும் விடுவான். எனக்க அப்பன் எனக்குச் சொல்லித் தந்தது. கை தானா போவும்."

"பட்டையில கார்பன் கிடையாதா அண்ணே?" என்றாள் தாணம்மாள்.

"இருக்கும்னுதான் நினைக்கேன்."

விஷயம் எல்லாருக்கும் புரிந்திருந்தது. அடுத்த வாரம் நாகர்கோவிலில் ஆய்வுக் கூட்டம். மலையடிவாரத்து ஊர்கள் எட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். அந்த எட்டு ஊரிலும் முத்துநாயகத்துக்கு மரம் கொடுக்காத வீடு கிடையாது. அங்கே எழுந்து நின்று, நான் அளப்பதில் நாலு விரல் குறையும் என்று சொன்னால், அது காட்டைப் பற்றிய பேச்சாக மட்டும் முடியாது.

"நீரு ஒண்ணும் சொல்லண்டாம் ஓய்," என்றான் சுயம்புராஜ். "அளவுல பிசகு, திரும்ப அளக்கணும்னு நான் எழுதிக் குடுக்கேன்."

"யாருக்க பிசகுன்னு கேப்பானே."

"எழுதினவன் நான்தானே. எனக்க பிசகு."

"போயிட்டு வாரும்," என்றார் முத்துநாயகம். டீ கூடத் தரவில்லை. பழகிய பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

கூட்டம் ஒரு ஹோட்டலின் குளிரூட்டிய அறையில் நடந்தது. காட்டைக் காப்பாற்றும் பேச்சுக்குக் காட்டை விட நல்ல இடம் அதுதான். அட்டை கிடையாது, ஏத்தன்பழ பஜ்ஜி உண்டு. திரையில் வரைபடம் தெரிந்தது. பச்சை, பச்சை, நடுவில் சிவப்பாக சுயம்புராஜின் பீட்டு. கிருஷ்ணமணி விளக்குக் குச்சியால் அதைச் சுட்டி, "இந்த ஒரு காயம்தான் தேசத்தின் கணக்கையே பாதிக்கிறது," என்றார். ஓரத்து நாற்காலியில் தேசத்தின் காயம் மேல் பட்டன் போட்டு உட்கார்ந்திருந்தது.

"காவலர் விளக்கம் சொல்லலாம்."

சுயம்புராஜ் எழுந்தான். "சார், அளவு எழுதினதுல நான்..."

"அவன் எழுதினதுல ஒரு குத்தமும் இல்ல."

கடைசி வரிசையில் முத்துநாயகம் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுவது. வடசேரியில் இறங்கி வெயிலில் நடந்து வந்த வேர்வை. "அளந்தது நான். குறைஞ்சது எனக்க கையில."

"புரியவில்லை," என்றார் கிருஷ்ணமணி.

"காட்டித் தாரேன். உருண்டையா ஒரு சாமானம் வேணும்."

அறையைச் சுற்றிப் பார்த்தார். தூண் சதுரம். மேசை சதுரம். மரத்தின் பருமனில் உருண்டையாக அந்த அறையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். முத்துநாயகம் அதை நோக்கி நடந்தார். "சார் கையைக் கொஞ்சம் தூக்கணும்," என்று சொல்லி, ஏழு நாடுகள் பார்த்த அந்த இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தார்.

"நூத்தி நாலு."

கிருஷ்ணமணியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? போன மாதம் நூற்றுப் பத்துக்கு மேல் இருந்தது. தினமும் நடக்கிறேன்."

"இப்ப பாரும்," என்று முத்துநாயகம் நாலு விரல்களையும் எடுத்தார். டேப்பின் இரு முனைகளும் சந்தித்தன. "நூத்திப் பதினொண்ணு. ஒரு நிமிசத்துல சாரு வளரல்ல. மரமும் குறையல்ல. இந்த நாலு விரல் ஆக்கும். முப்பது வருசமா நான் அளந்த எல்லா மரத்துலயும் உண்டு."

அறையில் முதலில் சிரித்தது ரேஞ்சர். அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அடங்கியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப எங்க வீட்டு ஆஞ்சிலியும் அப்பிடித்தானா ஓய்?"

"உமக்கதும் அப்பிடித்தான்," என்றார் முத்துநாயகம் திரும்பாமலே. சுயம்புராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது போல. எதிரே இருந்த திரை சரியாகத் தெரியவில்லை.

திரும்ப அவர்களையே அளக்கச் சொல்லி உத்தரவானது. விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில் சுயம்புராஜின் பெயர் மூன்றாவதாகவே இருந்தது. பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது அளவு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு போன காடு திரும்பி வந்தபோது நாலில் ஒரு பங்கு கூடியிருந்தது. கணக்கு அப்படித்தான், நூறு எண்பதாவதற்கு ஒரு வீதம், எண்பது நூறாவதற்கு வேறு வீதம். கிருஷ்ணமணி இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்து வைத்து டெல்லிக்கு அனுப்பினார். ஆறே மாதத்தில், மக்கள் பங்கேற்பின் மூலம், இருபத்தைந்து சதவீத வளர்ச்சி. அதைப் பற்றிப் பேச எட்டாவது நாடு அவரை அழைத்தது என்று கேள்வி. அங்கே அவர் இடுப்பை யாரும் அளக்கவில்லை.

அந்த இரண்டாவது அளவு முடியும் வரை முத்துநாயகத்தின் பாடு சுலபமாக இல்லை. சந்தைக்குப் போனால் மீன்காரி நாலு விரலைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காட்டின. மனைவி ராகேல் சாதம் வைக்கும்போது, "நாலு விரல் குறைச்சு வைக்கட்டா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தினமும் காலை ஏழு மணிக்குக் காட்டுக்கு வந்துவிடுவார். தாணம்மாள் கொடுத்தனுப்பும் கிழங்கும் சாளை மீன் குழம்பும் எப்போதும் இரண்டு பேருக்கு இருந்தது.

இந்தத் தடவை சுயம்புராஜ் பத்தடி தள்ளி நிற்கவில்லை. மரத்தோடு ஒட்டி நின்று எழுதினான். டேப் சுற்றி வரும். இடது கை தானாக மேலே ஊர்ந்து வரும்.

"விரல்," என்பான் சுயம்புராஜ், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எடுத்தாச்சு வே."

அடுத்த மரம்.

"விரல்."

"எடுத்தாச்சுன்னு சொன்னேன்லா."

கடைசி நாள், கடைசி மரம். ஆற்றின் மேல் சரிந்து நின்ற கிழட்டு அயினி. அடியில் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. முத்துநாயகம் அதைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், பெருமூச்சு விட்டார்.

"சுயம்பு, இதுக்கு மட்டும் ஒரு ரெண்டு விரல் விடட்டா? உள்ள முழுக்கப் பொள்ளையாக்கும். முழு அளவு போட மனசு வரமாட்டேங்கு."

"விக்கதுக்கில்ல ஓய்."

முத்துநாயகம் யோசித்தார். இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு டேப்பின் மறு நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல் அது நழுவி விழுந்தது. சுயம்புராஜ் நோட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, குனிந்து நுனியை எடுத்து, பட்டையில் வைத்துத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

"சுத்தி வாரும்," என்றான்.